கேளுங்க சொல்றேன்: ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பெஷல்

போன இதழ்ல பழைய கார் பத்தின ஒரு கேள்விக்கு பதில் எழுதறப்போ, "ரோல்ஸ் ராய்ஸுக்கு பேரு வாங்கிக் குடுத்தது ராஜாக்கள் இல்ல, நொடிச்சுப்போன ஒரு மாவு மில்லுக்காரரோட மகன்"னு ஒரே ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் கொஞ்ச நஞ்சமில்ல. பாதிப் பேரு "யாரு அந்த மகன்"னு கேக்குறாங்க, மீதிப் பேரு "அப்ப ராஜா ரோல்ஸ் ராய்ஸை வாங்கிக் குப்பை அள்ள விட்ட கதை பொய்யா"ன்னு கேக்குறாங்க. சரி, இந்த இதழ் முழுக்க அந்தக் காரைப் பத்தியே பேசிடுவோம். ஒரே மாதிரி கேட்டவங்க கேள்விய ஒண்ணாச் சேத்திருக்கேன், பேரு போடல, ஊரு மட்டும்தான்.

ரோல்ஸ், ராய்ஸ் ரெண்டும் ரெண்டு ஆளா? யாரு அந்த மில்லுக்காரர் மகன்? வகுப்புல பிள்ளைங்ககிட்ட சொல்லணும், விவரமா எழுதுங்க. (காரைக்குடியிலேருந்து ஒரு ஆசிரியை)

ரெண்டு ஆள்தான் டீச்சர், அதுவும் ஏணி வச்சாலும் எட்டாத ரெண்டு வீட்டுப் பிள்ளைங்க.

ஹென்றி ராய்ஸ் 1863ல இங்கிலாந்துல பீட்டர்பரோ பக்கத்துல ஆல்வால்டன்ங்கிற கிராமத்துல பிறந்தவர். அப்பா மாவு மில்லு நடத்தி நொடிச்சுப் போயி லண்டனுக்கு வந்தாரு, அங்கயே செத்தும் போயிட்டாரு, அப்ப பையனுக்கு 9 வயசு. பேப்பர் வித்தான், தந்தி குடுக்கப் போனான், பள்ளிக்கூடம் போனதுன்னு பாத்தா மொத்தமே ஒரு வருசம் தேறும். அப்புறம் ஒரு அத்தை வருசத்துக்கு 20 பவுண்டு கட்டி ரயில்வே பட்டறைல தொழில் பழக விட்டாங்க, மூணு வருசத்துல அந்த அம்மாகிட்டயும் காசு தீந்துபோச்சு, படிப்பு பாதியில நின்னுச்சு. அதுக்கப்புறம் லீட்ஸ்ல ஒரு கருவி செய்யிற கம்பெனில வாரத்துக்கு 11 ஷில்லிங் கூலி. கரண்டு அப்பத்தான் ஊருக்குள்ள வந்துட்டிருந்த நேரம், ராத்திரில படிச்சு அந்த வேலைய கத்துக்கிட்டாரு.

1884ல மான்செஸ்டர்ல குக் ஸ்ட்ரீட்ல கிளேர்மான்ட்டுங்கிற கூட்டாளியோட பட்டறை ஆரம்பிச்சாரு. இவரு போட்டது 20 பவுண்டு, அவரு போட்டது 50. வாசல்ல அடிக்கிற காலிங் பெல்லு, பல்ப் ஹோல்டருன்னு செஞ்சாங்க. பட்டறைக்கு மேல ஒரு ரூம்லயே படுக்கை, எனாமல் சூடு பண்ற அடுப்புலயே சாப்பாட்டையும் சூடு பண்ணிக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. அப்புறம் டைனமோ செஞ்சாரு பாருங்க, அங்கதான் மனுசன் யாருன்னு தெரிஞ்சது. அந்தக் காலத்து டைனமோல பொறி பறக்கும், பஞ்சு மில்லுக்குள்ள பொறி பறந்தா என்ன ஆகும்னு நம்ம கோயமுத்தூர், ராஜபாளையம் ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ராய்ஸோட டைனமோல பொறி அடங்கிச்சு, அதுலயே பேரு வாங்கிட்டாரு.

சார்லஸ் ரோல்ஸ் 1877ல பிறந்தவர், பிரபு வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜ்ல படிச்சவர், லண்டன்ல வெளிநாட்டுக் காருங்களை இறக்கி பணக்காரங்களுக்கு வித்துட்டிருந்தார். நல்ல இங்கிலீஷ் காரா விக்க ஒண்ணு கிடைக்கலியேன்னு அவருக்கு மனக்குறை. 1904 மே 4, மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டல்ல ரெண்டு பேரும் சந்திச்சாங்க. நீ செய், நான் விக்கிறேன்னு அன்னைக்குப் பேசினதுதான் எல்லாம். 1906ல முறையா கம்பெனி ஆச்சு.

பிள்ளைங்களுக்கு இதையும் சொல்லுங்க. ராய்ஸ் புதுசா ஒரு காரைக் கனவு கண்டு எழுந்திரிக்கல. 1903ல ஒரு செகண்ட் ஹேண்ட் பிரெஞ்சு காரு வாங்கினாரு, டெகாவில்னு பேரு. அது சத்தம் போடும், சூடாகும். மத்தவங்கன்னா வித்துத் தொலைச்சிருப்பாங்க, இவரு பிரிச்சுப் போட்டு ஒவ்வொண்ணா எது சரியில்லன்னு பாத்து, கடைசில இதை ரிப்பேர் பண்றதுக்கு நாமளே ஒண்ணு செஞ்சிடலாம்னு இறங்கினாரு. 1904 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் வண்டி பட்டறைய விட்டு வெளிய வந்துச்சு, அதையே ஓட்டிக்கிட்டு 15 மைல் தள்ளி இருந்த வீட்டுக்குப் போனாரு.

"உலகத்திலேயே சிறந்த கார்" பட்டம் அவங்களே குடுத்துக்கிட்டதா? (திருப்பூர் வாசகர்)

விளம்பரத்துல அவங்க போட்டுக்கிட்டாங்கங்கிறது நெசம்தான், ஆனா அதுக்கு முன்னாடி ரோட்ல காட்டிட்டுத்தான் போட்டாங்க. 1906ல 40/50 குதிரைசக்தின்னு ஒரு மாடல் வந்துச்சு, ஆறு சிலிண்டர், ஏழு லிட்டர் எஞ்சின். அதுல ஒரு வண்டிக்கு வெள்ளி பெயின்ட் அடிச்சு, விளக்கு கைப்பிடியெல்லாம் வெள்ளி முலாம் பூசி, சில்வர் கோஸ்ட்னு பேரு வச்சாங்க, பேய் மாதிரி சத்தமில்லாம வருதுன்னு அர்த்தம். பின்னாடி அந்த மாடலுக்கே அந்தப் பேரு நிலைச்சுப் போச்சு. இந்த வேலைக்கெல்லாம் மூளை கிளாட் ஜான்சன்னு ஒருத்தரு, ரோல்ஸுக்கும் ராய்ஸுக்கும் நடுவுல இருக்கிற கோடு அவர்தான்னு சொல்லுவாங்க, பொருத்தமான பேச்சு.

1907ல அந்த வண்டிய லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் ஓட்டினாங்க, போயிட்டு வந்து, மறுபடி போயிட்டு வந்து, ராத்திரி பகல் பாக்காம, ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு. பக்கத்துல ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஆளு உக்காந்து எழுதிட்டே வர்றாரு. ஆரம்பத்துல ஒரு தடவை பெட்ரோல் குழாய் அதிர்வுல தானா மூடிக்கிட்டு வண்டி நின்னுச்சு, அதைத் திறந்து விட்டதுக்கப்புறம் 14,371 மைல் தானா நிக்கவே இல்ல. அதுக்கு முந்தின சாதனைய விட ரெண்டு மடங்கு. அந்தக் காலத்து ரோட்டையும் டயரையும் நினைச்சுப் பாருங்க, பத்து மைலுக்கு ஒரு தடவை பஞ்சர் ஒட்டின காலம் அது.

எனக்கு ரொம்பப் புடிச்சது அதுக்கப்புறம் நடந்ததுதான். 15,000 மைல் முடிஞ்சதும் வண்டிய கிளப்புகாரங்க முன்னாடி அக்கக்கா பிரிச்சுப் போட்டாங்க, ஒவ்வொரு பாகமும் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளந்தாங்க. எல்லாத்தையும் புதுசு மாதிரி ஆக்கறதுக்கு ஆன பார்ட்ஸ் செலவு ரெண்டு பவுண்டு சில்லறை. நான் 17 வயசுல பட்டறைல ஸ்பேனர் எடுத்துக் குடுக்கிற பையனா சேந்தவன், நாப்பது வருசமா எஞ்சின் பிரிச்சிருக்கேன், 24,000 கிலோமீட்டர் மூச்சு விடாம ஓடின எஞ்சினப் பிரிச்சு அளந்து பாருங்கன்னு ஊரக் கூப்பிட்டுச் சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு எனக்குத் தெரியும்.

ஆல்வார் மகாராஜா ஷோரூம்ல அவமானப்பட்டு, ஆறு ரோல்ஸ் வாங்கிக் குப்பை அள்ள விட்ட கதை நெசமா? வாட்ஸ்அப்ல வாரத்துக்கு ஒரு தடவை வருது. (திருநெல்வேலி, விருதுநகர், சேலம், இன்னும் பல ஊரு)

கதை தெரியாதவங்களுக்கு: ராஜா லண்டன்ல சாதாரண டிரெஸ்ல ஷோரூமுக்குப் போறாரு, விக்கிறவன் மதிக்கல, ராஜா திரும்பிப் போயி ராஜ அலங்காரத்துல வந்து காரையெல்லாம் வாங்கி ஊருக்கு அனுப்பிக் குப்பை அள்ள விடுறாரு, கம்பெனி மானம் போயி மன்னிப்புத் தந்தி அடிக்குது.

கேக்க நமக்கு நல்லாத்தான் இருக்கு, வெள்ளைக்காரனுக்கு நம்ம ஆளு குடுத்த பதிலடி இல்லியா. ஆனா இதே கதைய ஆல்வாருக்குச் சொல்றாங்க, பாட்டியாலாவுக்குச் சொல்றாங்க, பரத்பூருக்குச் சொல்றாங்க, ஹைதராபாத் நிஜாமுக்கும் சொல்றாங்க. காரு எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுது, வருசம் மாறுது. அந்தத் தந்திய யாரும் கண்ணுல காட்டினதில்ல. நடந்த சம்பவம்னு சொல்லிக்க கையில ஒரு காகிதம்கூட இல்லாத கதைய நான் வரலாறுன்னு எழுத மாட்டேன்.

நெசமா நடந்தது இதைவிட ருசியா இருக்கு. 1908ல ரோல்ஸ் ராய்ஸ் ஒரு வண்டிய கப்பல்ல பம்பாய்க்கு அனுப்பிச்சு, பம்பாய்லேருந்து கோலாப்பூர் வரைக்கும் மலைப்பாதைல நடந்த மோட்டார் போட்டில ஓட்டினாங்க, 620 மைல், வழில ஆறு கணவாய். ஜெயிச்ச வண்டிய குவாலியர் மகாராஜா வாங்கிட்டாரு, பேரு 'பேர்ல் ஆஃப் தி ஈஸ்ட்', கீழ்த்திசை முத்து. நம்ம ராஜாக்கள் வரிசை கட்டி ஆர்டர் குடுக்க ஆரம்பிச்சதுக்கு அந்த ஓட்டம் ஒரு பெரிய காரணம். ஹைதராபாத் நிஜாம் மகபூப் அலி ஆர்டர் குடுத்த மஞ்சள் சில்வர் கோஸ்ட் அவரு கண்ண மூடினதுக்கப்புறம்தான் வந்து சேந்துச்சு, பின் சீட்டு சிம்மாசனம் மாதிரி உசரமா இருக்கும், சில நூறு மைல்தான் ஓடிச்சு, இன்னைக்கும் சவ்மகல்லா அரண்மனைல நிக்குது, ஹைதராபாத் போனா பாருங்க. கோட்டா மகாராஜா 1925ல புலி வேட்டைக்குன்னே பெரிய சர்ச் லைட்டு, பீரங்கியோட ஒண்ணு செய்யச் சொன்னாரு.

இன்னொண்ணு. குப்பை அள்ளினா அந்தக் காருக்கு அவமானம்னு கதை சொல்றவங்க நினைக்கிறாங்க. முதல் உலகப் போர்ல அதே சில்வர் கோஸ்ட் சேஸிஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம், அது மேல இரும்புத் தகடு அடிச்சு, மெஷின் கன் ஏத்தி, அரேபியப் பாலைவனத்துல பிரிட்டிஷ் அதிகாரி லாரன்ஸ் படையோட ஓட்டினாங்க. அந்த வம்சத்துக் கவச வண்டிங்க 1940லயும் வட ஆப்பிரிக்கால சண்டைல இருந்துச்சு. மூட்டை தூக்குற வேலைலதான் அது என்ன வண்டின்னு உலகத்துக்குத் தெரிஞ்சது.

பேனட் மேல பறக்குற மாதிரி நிக்கிற அந்தப் பொம்பளை யாரு? (மதுரையிலேருந்து ஒரு கல்லூரி மாணவி)

எலினார் தார்ன்டன்னு ஒரு அம்மா. மோட்டார் பத்திரிகை நடத்தின மாண்டேகு பிரபுகிட்ட செக்ரட்டரியா இருந்தவங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல காதலும் இருந்துச்சு, அவருக்கோ கல்யாணம் ஆகியிருந்துச்சு. மாண்டேகு தன்னோட காருக்கு ஒரு சிலை செய்யச் சொன்னப்போ, சார்லஸ் சைக்ஸ்ங்கிற சிற்பி எலினாரையே மாதிரியா வச்சு, உதட்டு மேல விரல் வச்சிருக்கிற பொம்பளையா செஞ்சாரு. அதுக்கு 'விஸ்பர்', அதாவது கிசுகிசுன்னு பேரு. 1911ல கம்பெனியே ஒரு சிலை வேணும்னு சைக்ஸ்கிட்ட வந்துச்சு, ஏன்னா வாங்கினவங்க கண்ட பொம்மையெல்லாம் ரேடியேட்டர் மேல மாட்ட ஆரம்பிச்சிருந்தாங்க. அப்படி வந்ததுதான் 'ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டசி'. அதுவும் எலினார் சாயல்னுதான் சொல்லிட்டு வர்றாங்க.

1915 டிசம்பர் 30, மாண்டேகுவும் எலினாரும் 'பெர்சியா'ங்கிற கப்பல்ல இந்தியாவுக்கு வந்துட்டிருந்தாங்க. கிரீட் தீவுப் பக்கம் ஜெர்மன் நீர்மூழ்கி குண்டு போட்டுச்சு, கொஞ்ச நேரத்துல கப்பல் முழுகிப் போச்சு. அவரு உடைஞ்ச படகைப் புடிச்சிட்டு ஒரு நாளுக்கு மேல கடல்ல மிதந்து பொழச்சாரு, அவங்க போயிட்டாங்க. நம்ம கரைக்கு வந்து சேர வேண்டியவங்க. அந்தச் சிலையப் பாக்குறப்பல்லாம் எனக்குக் காரு ஞாபகம் வர்றதில்ல, அந்தக் கடல்தான் ஞாபகம் வருது.

ராய்ஸுக்கு அந்தச் சிலை புடிக்காது, ஓட்டுறவன் கண்ணை மறைக்குதும்பாரு.

காரு முத்திரைல சிவப்பா இருந்த ஆர்ஆர் எழுத்து ராய்ஸ் செத்த துக்கத்துக்குக் கறுப்பாச்சுன்னு படிச்சேன். (தஞ்சாவூர் வாசகர்)

நானும் ரொம்ப வருசம் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். ராய்ஸ் போனது 1933 ஏப்ரல் 22, எழுத்து மாறினதும் அதே சமயம், அதனால கதை ஒட்டிக்கிச்சு. ஆனா மாத்துறதுன்னு முடிவெடுத்தது அவரு இருக்கும்போதேதான். காருக்கு கஸ்டமர் கேக்குற கலரோட சிவப்பு ஒத்துப் போகல, கறுப்புன்னா எதோடயும் போகும். அவ்வளவுதான். துக்கம்னு பாத்தா அதுக்கு முந்தி ரோல்ஸ் போனதுதான் பெரிய துக்கம், 1910 ஜூலைல போர்ன்மவுத் விமானக் கண்காட்சில அவரு ஓட்டின ரைட் விமானத்தோட வால் ஒடிஞ்சு விழுந்தாரு, வயசு 32. கம்பெனி ஆரம்பிச்சு நாலு வருசம்தான் ஆகியிருந்துச்சு.

விமானத்துல போறப்ப எஞ்சின் மேல ரோல்ஸ் ராய்ஸ்னு பாத்தேன். அதே கம்பெனியா? (கோலாலம்பூர் வாசகர்)

பேரு ஒண்ணு, கம்பெனி ரெண்டுங்க. ஆனா ஒரு காலத்துல ஒண்ணாத்தான் இருந்துச்சு.

முதல் போர் நேரத்துல ஈகிள்னு விமான எஞ்சின் செஞ்சாங்க, 1919ல அட்லாண்டிக்கை நிக்காமத் தாண்டின முதல் விமானத்துல இருந்தது அதுதான். ரெண்டாம் போர்ல மெர்லின் எஞ்சின், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை ஓட்டினது அது. விமான எஞ்சின்தான் பெரிய வியாபாரம், காரு சின்னத் தம்பி மாதிரி கூடவே இருந்துச்சு. 1968ல அமெரிக்க லாக்ஹீட் கம்பெனியோட டிரைஸ்டார் விமானத்துக்கு ஆர்பி211னு புது எஞ்சின் செஞ்சு தர்றோம்னு, விலையையும் முன்னாடியே கட்டிக்கிட்டு, ஒப்பந்தம் போட்டாங்க. முன்னாடி சுத்துற விசிறி இறக்கைய கார்பன் ஃபைபர்ல செஞ்சா எடை குறையும்னு கணக்கு. பறவை வந்து மோதினா தாங்குமான்னு பாக்கறதுக்கு செத்த கோழிய பீரங்கில வச்சு ஓடுற எஞ்சினுக்குள்ள சுடுவாங்க, அந்த டெஸ்ட்ல இறக்கை நொறுங்கிப் போச்சு. மறுபடி டைட்டானியத்துக்குப் போகணும், செலவு எகிறிடுச்சு, பேசின விலையோ ஏறாது. 1971 பிப்ரவரி 4, ரோல்ஸ் ராய்ஸ் திவால்.

இங்கிலாந்து நாட்டுக்கே அது சாவு வீடு மாதிரி. அரசாங்கமே எடுத்து நடத்த வேண்டியதாப் போச்சு. ரிட்டயர் ஆன பழைய எஞ்சினியருங்களைக் கூப்பிட்டு வந்து அந்த எஞ்சினைச் சரி பண்ணாங்க. சரியாவும் ஆச்சு, இன்னைக்கு ஏர்பஸ் ஏ350ல இருக்கிற டிரென்ட் எஞ்சின் அந்த ஆர்பி211 பரம்பரைல வந்ததுதான். லாபத்துல ஓடிட்டிருந்த காரு பிரிவை 1973ல தனியா வெட்டி விட்டாங்க. அன்னைக்குப் பிரிஞ்சதுதான். பிரிக்கறப்போ பேரும் முத்திரையும் விமான எஞ்சின் கம்பெனிகிட்டயே நின்னுச்சு, காரு கம்பெனிக்கு உபயோகிச்சுக்கற உரிமை மட்டும். இதை ஞாபகம் வச்சுக்கங்க, அடுத்த கேள்விக்கு வேணும்.

பிஎம்டபிள்யூவா வோல்க்ஸ்வாகனா, யாருதுங்க இப்ப? (ஈரோடு, ஓசூர்)

1980லேருந்து காரு கம்பெனி விக்கர்ஸ்ங்கிற இங்கிலீஷ் கம்பெனி கையில இருந்துச்சு. 1998ல விக்கப் போட்டாங்க. பிஎம்டபிள்யூ 340 மில்லியன் பவுண்டு சொல்லிச்சு, வோல்க்ஸ்வாகன் 430 மில்லியன் குடுத்து எடுத்துட்டுப் போச்சு. க்ரூ ஊர்ல இருக்கிற ஃபேக்டரி, ஆளுங்க, டிசைனு, அங்கயே செஞ்ச பென்ட்லி காரு, பறக்குற பொம்பளை, அந்த கோயில் தூண் மாதிரி கிரில்லு, எல்லாம் வோல்க்ஸ்வாகனுக்கு. ஆனா ரோல்ஸ் ராய்ஸ்ங்கிற பேரு? அது விமான எஞ்சின் கம்பெனிகிட்ட இருக்கே! அவங்களுக்கு பிஎம்டபிள்யூவோட ஏற்கெனவே தொழில் உறவு, 40 மில்லியனுக்கு பேரை பிஎம்டபிள்யூவுக்குக் குடுத்துட்டாங்க. போதாக்குறைக்கு அப்ப வந்துட்டிருந்த புது மாடலுக்கு எஞ்சினும் பிஎம்டபிள்யூதான் சப்ளை, நிறுத்திடுவோம்னா ஒண்ணும் பண்ண முடியாது.

வீடு ஒருத்தருக்கு, பட்டா இன்னொருத்தருக்குன்னு ஆயிடுச்சா. கடைசில உக்காந்து பேசி 2002 முடியற வரைக்கும் வோல்க்ஸ்வாகன் செய்யறது, 2003 ஜனவரி 1லேருந்து பிஎம்டபிள்யூ, பென்ட்லி வோல்க்ஸ்வாகனுக்கேன்னு முடிச்சாங்க. பிஎம்டபிள்யூவுக்கு ஃபேக்டரியும் இல்ல காரும் இல்ல, பேரும் அந்தப் பொம்பளை, கிரில்லு உரிமையும் மட்டும்தான். இங்கிலாந்துல குட்வுட்ல புதுசா ஃபேக்டரி கட்டி, புதுசா ஃபேன்டம் ஒண்ணு டிசைன் பண்ணி, 2003 புத்தாண்டு பிறந்த அந்த நிமிசம் முதல் வண்டிய சாவி குடுத்தாங்க. ராய்ஸ் கடைசிக் காலத்துல குடியிருந்த வெஸ்ட் விட்டரிங் அங்கேருந்து சில மைல்தான்.

அப்ப இப்ப இருக்கிறது அசல் ரோல்ஸ் ராய்ஸான்னு ஓசூர் நண்பர் கேக்குறாரு. ரத்த சொந்தம்னு பாத்தா, ராய்ஸ் கம்பெனியோட ஃபேக்டரியும் தொழிலாளி பரம்பரையும் பென்ட்லிகிட்ட இருக்கு. ஆனா என்னைக் கேட்டா, க்ரூவுல இருந்த கடைசி வருசங்கள்ல காசு போடாம பழசையே ஓட்டிட்டிருந்தாங்க, 1959ல வந்த வி8 எஞ்சின் 1990கள்லயும் ஓடுச்சு. ஜெர்மன்காரங்க வந்துதான் பழையபடி எல்லாத்தையும் அளந்து பாத்து செய்ய ஆரம்பிச்சாங்க. எனக்கு அது அசல்தான்.

லண்டன்ல கல்யாணத்துக்கு வாடகைக்கு விட ஒரு பழைய சில்வர் ஷேடோ வாங்கலாம்னு இருக்கேன் அண்ணா. விலை கம்மியா இருக்கே? (ஈஸ்ட் ஹாம்லேருந்து ஒரு வாசகர்)

கம்மியா இருக்கிறதுதான் தம்பி பயம். 1965லேருந்து 1980 வரைக்கும் வந்த மாடல், ரோல்ஸ்லயே நிறைய வித்தது அதுதான், அதனால மார்க்கெட்ல தாராளமா கிடைக்கும். பெயின்டைப் பாத்து மயங்கிடாதீங்க. முதல்ல கீழ படுத்து கதவுக்கு அடில இருக்கிற விளிம்பு, சக்கர வளைவு, ரெண்டுலயும் துரு இருக்கான்னு விரலால தட்டிப் பாருங்க, இது சேஸிஸ் தனி பாடி தனி இல்ல, பாடியேதான் எலும்பு, துரு ஏறினா எலும்பு உளுத்த மாதிரி.

அடுத்தது பிரேக். சிட்ரன் கம்பெனி டெக்னிக்கை வாங்கிப் போட்ட ஹைட்ராலிக் சிஸ்டம், எஞ்சின் மேல ரெண்டு பம்பு, அழுத்தத்தைச் சேத்து வைக்க உருண்டையா ரெண்டு குண்டு. எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடட்டும், அணைச்சிட்டு இக்னிஷன் மட்டும் போட்டு வச்சு, பிரேக் பெடலை மிதிச்சுக்கிட்டே எண்ணுங்க. நல்ல குண்டுன்னா நிறைய தடவை மிதிச்சதுக்கப்புறம்தான் டேஷ்ல விளக்கு எரியும், நாலஞ்சு மிதியிலயே எரிஞ்சா குண்டு போச்சுன்னு அர்த்தம், வித்தவர்கிட்ட சாவியக் குடுத்துட்டு வந்துடுங்க. அதுக்குன்னு சொன்ன ஆயில்தான் ஊத்தணும், சாதாரண பிரேக் ஆயில் மாத்தி ஊத்தி சீல் எல்லாம் போன வண்டிங்க ஏராளம். பழைய சர்வீஸ் பில்லு ஒரு கட்டு இல்லாத வண்டிய நான் தொட மாட்டேன். வண்டி வாங்கற விலைக்கு சமமா ரிப்பேருக்கு ஒதுக்கி வச்சுக்க முடியும்னா வாங்குங்க. மாப்பிள்ளை பொண்ணு உள்ள உக்காந்திருக்கறப்போ பிரேக் போகக் கூடாது இல்லியா.

நீங்க ஒரு ரோல்ஸைக் கையால தொட்டிருக்கீங்களா? (பொள்ளாச்சி வாசகர்)

ஒரே ஒரு தடவை, இருபத்தஞ்சு வருசம் முன்னாடி. ஒரு எஸ்டேட் குடும்பத்து வண்டி, 1930கள்ல வந்த 20/25, ஆறு சிலிண்டர். எங்க முதலாளிகிட்ட கார்புரேட்டர் பாக்கக் கொண்டு வந்தாங்க, மூணு நாள் பட்டறைல நின்னுச்சு.

ஸ்டியரிங் நடுவுல சின்னச் சின்ன லீவரு. ஒண்ணு இக்னிஷனை முன்ன பின்ன தள்ள, ஒண்ணு பெட்ரோல் கலவைய கெட்டியா மெலிசா வைக்க, ஒண்ணு எஞ்சின் வேகத்தைப் புடிச்சு நிறுத்த. நகத்தால தள்ளினாக்கூட நகரும், விட்ட இடத்துல நிக்கும், எழுபது வருசத்துக்கு அப்புறமும் ஆட்டம் கிடையாது. காலுக்குப் பக்கத்துல ஒரு குட்டிப் பெடல், அதை ஒரு மிதி மிதிச்சா அடில இருக்கிற மூட்டுக்கெல்லாம் குழாய் வழியா எண்ணெய் போயிடும், கிரீஸ் கன் எடுத்துட்டுக் கீழ படுக்க வேண்டாம். மெக்கானிக் முதுகைப் பத்தி யோசிச்ச ஒருத்தன்தான் அதை வச்சிருக்க முடியும்.

எங்க முதலாளி ஒரு ஸ்கேலை எடுத்து முன்னாடி கிரில் மேல வச்சுக் காட்டினாரு. நேர்கோடு மாதிரி தெரியுது, ஸ்கேல் வச்சா நடுவுல லேசா புடைச்சிருக்கு. நேரா செஞ்சா நம்ம கண்ணுக்கு உள்ள குழிஞ்ச மாதிரி தெரியுமாம், அதனால வேணும்னே புடைப்பா வச்சிருக்காங்க, கிரேக்கக் கோயில் தூண்ல பண்ற வேலை. கையால, கண் பாத்து தட்டிச் செஞ்சது. அன்னைக்கு முழுக்க நான் வேற வேலை எதுவும் ஒழுங்காப் பாக்கல.

எத்தனை குதிரைசக்தின்னு கேட்டா கம்பெனி சொல்லாதாமே? (நாகர்கோவில் வாசகர்)

முன்னாடி அப்படித்தான், "போதுமான அளவு"ன்னுதான் பதில் வரும். இப்ப சொல்லிடறாங்க, ஃபேன்டம்ல 6.75 லிட்டர் வி12, 563 குதிரைசக்தி. சத்தத்தைப் பத்தித்தான் எப்பவும் பெருமை பேசுவாங்க. 1958ல டேவிட் ஓகில்வி எழுதின விளம்பரம் இன்னைக்கும் விளம்பரக்காரங்க பாடமாப் படிக்கிறது, 60 மைல் வேகத்துல போறப்போ உள்ள கேக்குற பெரிய சத்தம் எலக்ட்ரிக் கடிகாரத்தோடதுதான்னு. அதைப் படிச்ச கம்பெனி எஞ்சினியர் ஒருத்தரு, "அந்தக் கடிகாரத்தை ஏதாவது பண்ணணுமே"ன்னாராம். அவரு ராய்ஸ் மாதிரியே யோசிச்ச ஆளு.

நடிகர் விஜய் ரோல்ஸ் ராய்ஸ் வரி வழக்கு என்னதான் ஆச்சு? (சென்னை வாசகர்)

2012ல இங்கிலாந்துலேருந்து கோஸ்ட்ங்கிற மாடல் காரை இறக்கினாரு, கஸ்டம்ஸ் கட்டியாச்சு, மாநில நுழைவு வரியும் கட்டணுமான்னு கேட்டு வழக்கு. 2021 ஜூலைல தனி நீதிபதி தள்ளுபடி பண்ணி 1 லட்சம் ரூபா அபராதம் கட்டச் சொன்னாரு, டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்தி வச்சுது, 2022 ஜனவரில அவரைப் பத்தின கடுமையான வார்த்தைகளையும் தீர்ப்புலேருந்து எடுத்துருச்சு. 2017ல ஜிஎஸ்டி வந்ததோட அந்த நுழைவு வரியே போயிடுச்சு.

சக்கரம் சுத்தினாலும் நடுவுல ஆர்ஆர் எழுத்து நேராவே நிக்குதே, எப்படி? (8ஆம் வகுப்பு மாணவன், தேனி)

கரண்டும் இல்ல மோட்டாரும் இல்ல தம்பி. அந்த மூடி ஒரு பேரிங் மேல தனியா நிக்குது, கீழ்ப்பக்கம் மட்டும் கனம் வச்சிருக்காங்க. சக்கரம் சுத்தும், கனம் கீழயே இருக்கும். நம்ம தலையாட்டி பொம்மை எப்படி சாச்சாலும் எழுந்திரிக்குது பாரு, அதேதான். வீட்ல பழைய பால் பேரிங் இருந்தா நீயே செஞ்சு பாக்கலாம்.

பேட்டரி ரோல்ஸ் ராய்ஸ் வந்திருக்கே, ஸ்பெக்டர். எஞ்சினே இல்லாம அது என்ன ரோல்ஸ் ராய்ஸ்? (கோயம்புத்தூரிலேருந்து ஒரு பழைய மில் எலக்ட்ரீசியன்)

ஐயா, நீங்களே இதைக் கேக்குறீங்களே. ஸ்பெக்டர் 2023லேருந்து கஸ்டமர் கைக்குப் போகுது, எடை கிட்டத்தட்ட 3 டன், சத்தம் சுத்தமா இல்ல. சத்தமில்லாம இருக்கணும், அதிரக் கூடாது, மிதிச்சதும் வழுக்கிட்டுப் போகணும்னுதான் நூறு வருசமா பெட்ரோல் எஞ்சினோட மல்லுக்கட்டினாங்க, அது மோட்டாருக்குப் பிறவிலயே இருக்கு. 1900லயே ரோல்ஸ் ஒரு எலக்ட்ரிக் வண்டிய ஓட்டிப் பாத்துட்டு, சத்தமில்ல, நாத்தமில்ல, சுத்தமா இருக்கு, அங்கங்க சார்ஜ் போட இடம் மட்டும் அமைஞ்சா ரொம்பப் பிரயோசனப்படும்னு பத்திரிகைக்குச் சொல்லியிருக்காரு. ராய்ஸைப் பத்தி உங்களுக்கு நான் என்ன சொல்ல, காரைக்குடி டீச்சருக்கு எழுதின பதிலை மறுபடி ஒரு தடவை பாருங்க. அவரும் உங்கள மாதிரிதான், மில்லுக்குள்ள பொறி பறக்காம டைனமோ ஓட வச்ச எலக்ட்ரீசியன்.